முதலிடத்துக்கு என்ன கூலி? சாம்பியன்ஸ் லீக்கின் புதிய வடிவம்: ஒரு மதிப்பீடு

ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யூஈஎஃப்ஏ, அங்குள்ள முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் வடிவத்தை 2024-25 பருவத்தில் முற்றிலும் மாற்றியது. தொடக்கக் கட்டத்தில் நன்றாக ஆடிய அணிக்கு, தோற்றால் வெளியேற வேண்டிய நாக்அவுட் கட்டத்தில் எளிதான வழி கிடைக்க வேண்டும் என்பதே இப்படியொரு அமைப்பிடம் பார்வையாளர் எதிர்பார்ப்பது. இந்திய நேரப்படி பின்னிரவு 1.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களுக்காகத் தூக்கத்தை இழப்பவன் என்ற உரிமையில், அந்த எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்று பார்த்து, ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன்.

பழைய முறையில் 32 அணிகள் எட்டுக் குழுக்களாகப் பிரிந்து ஆடின. குழுவில் முதலிடம் பெற்ற அணிக்கு, வேறொரு குழுவில் இரண்டாமிடம் பெற்ற வேற்று நாட்டு அணி எதிரியாக வரும். இரண்டு ஆட்டங்கள் கொண்ட அந்த மோதலில் இரண்டாவது ஆட்டம் முதலிடத்து அணியின் சொந்த மைதானத்தில் நடக்கும். முதலிடத்துக்குக் கிடைத்த சலுகை அவ்வளவுதான். இரண்டாமிடத்தில் ஒரு பெரிய அணி சிக்கியிருந்தால் அந்தச் சலுகையும் செல்லாக்காசாகிவிடும். 2016-17 பருவத்தில் ஆர்சனல், பாரிஸ் சாங் ஜெர்மனை (பிஎஸ்ஜி) முந்திக் குழுவில் முதலிடம் பிடித்தது. ஆனால் தன் குழுவில் அட்லெடிகோ மாட்ரிட்டுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த பயர்ன் மியூனிக், குலுக்கலில் அதற்கு எதிரியாக வாய்த்தது. இரண்டு ஆட்டங்களிலும் 5-1 எனத் தோற்று, மொத்தம் 10-2 என்ற கணக்கில் ஆர்சனல் வெளியேறியது. அதே பருவத்தில் தன் குழுவில் டார்ட்மண்டுக்கு அடுத்து இரண்டாவதாக வந்த ரியல் மாட்ரிட்தான் கோப்பையை வென்றது.

புதிய முறையில் குழுக்கள் இல்லை. 36 அணிகள் ஒரே பட்டியலில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் எட்டு வெவ்வேறு எதிரிகளுடன் ஆடுகிறது. முதல் எட்டு அணிகள் நேராகக் கடைசிப் பதினாறுக்குச் செல்கின்றன, 9 முதல் 24 வரை உள்ளவை மீதி எட்டு இடங்களுக்காக பிளேஆஃப் என்ற கூடுதல் சுற்றில் தங்களுக்குள் ஆடுகின்றன, மற்றவை வெளியேறுகின்றன. அதன்பின் இடங்கள் இரண்டிரண்டாக இணைக்கப்படுகின்றன. 1, 2 ஆகிய இடங்களில் வந்த அணிகளுக்கு, 15, 16, 17, 18 ஆகிய இடங்களிலிருந்து பிளேஆஃப் வழியாக மீண்டு வரும் இரண்டு அணிகள்தான் எதிரிகள். அவற்றில் யார் யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது.

இந்த அமைப்பின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. முதல் பருவத்தில் லிவர்பூல் எட்டில் ஏழு ஆட்டங்களை வென்று 21 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. பார்சலோனா 19 புள்ளிகளுடன் இரண்டாவது. குலுக்கலில் பார்சலோனாவுக்கு பென்ஃபிகாவும், லிவர்பூலுக்கு 15ஆம் இடத்தில் வந்த பிஎஸ்ஜியும் கிடைத்தன. பிளேஆஃபில் பிரெஸ்ட்டை மொத்தம் 10-0 என நொறுக்கிவிட்டு வந்த அந்த அணிதான், பிறகு இறுதியாட்டத்தில் இன்டர் மிலானை 5-0 எனத் தோற்கடித்துக் கோப்பையையும் தூக்கியது. எட்டாவதாக வந்த ஆஸ்டன் வில்லாவுக்கோ, 24ஆம் இடத்தில் தொற்றிக்கொண்டு வந்த கிளப் புரூஷ் எதிரியானது. எட்டாமிடத்துக்கு விருந்தும் முதலிடத்துக்குத் தண்டனையும் என்றால் பட்டியலில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

கோளாறுக்குக் காரணம் ஆட்ட அட்டவணை. மான்செஸ்டர் சிட்டி, பயர்ன், அட்லெடிகோ, ஆர்சனல் என நான்கு வலுவான அணிகளை பிஎஸ்ஜி எதிர்கொள்ள நேர்ந்தது; அவற்றில் சிட்டியை மட்டுமே வென்றது. எல்லோரும் எல்லோருடனும் ஆடாத பட்டியலில் 15ஆம் இடம் என்பது 15ஆவது வலிமை ஆகாது. பழைய குழுவிலாவது, நான்கு அணிகளுக்கும் பொதுவான எதிரிகள் இருந்தார்கள்.

ஆனாலும் இந்த வடிவத்தைப் பழையதைவிட மேலாகவே மதிக்கிறேன். காரணம், முதல் பருவத்தில் தொடக்கக் கட்டத்தின் கடைசி நாள். 18 ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடந்த அந்த ஜனவரி இரவில், வெளியேறும் நிலையில் இருந்த மான்செஸ்டர் சிட்டி, கிளப் புரூஷிடம் இடைவேளை வரை 0-1 எனப் பின்தங்கியிருந்து 3-1 என வென்று 22ஆம் இடத்தைப் பிடித்தது. பிழைத்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அந்த இடத்துக்கு விதிக்கப்பட்ட எதிரி ரியல் மாட்ரிட் அல்லது பயர்ன்தான் என்பது அன்றே தெரிந்துவிட்டது. குலுக்கலில் ரியல் வந்தது, சிட்டி மொத்தம் 6-3 எனத் தோற்று வெளியேறியது. எட்டாமிடத்துக்கும் ஒன்பதாமிடத்துக்கும் நடுவே உள்ள வேறுபாடும் இவ்வாறே உண்மையானது: 16 புள்ளிகள் எடுத்த வில்லாவுக்கு ஓய்வு, 15 எடுத்த அடலாண்டாவுக்கு மேலும் இரண்டு ஆட்டங்கள். பிப்ரவரியில் அந்த இரண்டு ஆட்டங்கள் எவ்வளவு பாரம் என்பதைப் பயிற்சியாளர்களிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் பருவக் குறைகளில் ஒன்றை யூஈஎஃப்ஏ திருத்தியிருக்கிறது. மூன்றாமிடத்து ஆர்சனல், 11ஆம் இடத்து ரியலுடன் காலிறுதியின் இரண்டாவது ஆட்டத்தை மாட்ரிட்டில் ஆட வேண்டியிருந்தது. 2025-26 முதல் காலிறுதியில் முதல் நான்கு இடத்தவருக்கும், அரையிறுதியில் முதல் இரண்டு இடத்தவருக்கும் இரண்டாவது ஆட்டம் சொந்த மைதானத்தில் என்பது விதி. நல்ல திருத்தம். ஆனால் லிவர்பூலுக்கு அது உதவியிருக்காது. பிஎஸ்ஜியுடனான இரண்டாவது ஆட்டம் ஏற்கெனவே அதன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில்தான் நடந்தது, பெனால்ட்டியில் 4-1 எனத் தோற்றதும் அங்கேயேதான்.