நான்கு வருடம், இரண்டு டப்பா: ஒரிஜினல் லெகோவும் டூப்ளிகேட் கட்டைகளும்

மகனுக்கு நான்கு வயது நிறைந்தபோது, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகளான லெகோவில் கிளாசிக் 10696 என்ற பெட்டியை வாங்கினோம். 484 துண்டுகள், விலை கையைக் கடித்தது. அதே வாரம் என் தம்பி சென்னை பாரிமுனைக் கடைத்தெருவிலிருந்து ஒரு பெரிய டப்பா நிறைய கட்டைகளோடு வந்தான். துண்டுகள் எங்கள் பெட்டியைப் போல இரண்டு மடங்கு, விலை பாதிகூட இல்லை. "எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்றான். மகனுக்கு இப்போது எட்டு வயது. இந்த நான்கு வருடமும் இரண்டும் எங்கள் வீட்டில் தினமும் புழங்கியிருக்கின்றன.

முதல் வாரத்தில் தம்பி சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. அதே நிறங்கள், கட்டையின் மேலே அதே சின்னக் குமிழ்கள். டப்பாவைத் திறந்ததும் அடித்த பிளாஸ்டிக் வாடை மட்டும் பிடிக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகும் முழுதாகப் போகவில்லை.

வித்தியாசம் தெரிந்தது அவன் பெரிதாகக் கட்ட ஆரம்பித்தபோதுதான். இரண்டு குமிழ்களின் மையங்களுக்கு நடுவே லெகோவில் 8 மில்லிமீட்டர். ஒரு கட்டையின் உயரம் 9.6. மெல்லிய தட்டு அதில் சரியாக மூன்றில் ஒரு பங்கு, 3.2. மூன்று தட்டுகளை அடுக்கி ஒரு கட்டைக்குப் பக்கத்தில் வைத்து மேலே நகத்தால் தடவினால் நகம் எங்கும் தட்டாது. டூப்ளிகேட்டில் தட்டும். ஒரு கட்டையில் 0.05 மில்லிமீட்டர் கூடினால் கண்ணுக்கே தெரியாது. இருபதை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். அதன் மேல் நீளமான கட்டையை வைத்து அழுத்தினால் ஒரு முனை உட்காரும், மறுமுனை எழும்பும்.

ஒரு மாலை மகன் ரயில் பாலம் கட்டினான். இரண்டு டப்பாவிலிருந்தும் கலந்து எடுத்திருந்தான். தூண்கள் சரியாக நின்றன. மேல் தளத்தை வைத்து அழுத்தும்போதெல்லாம் நடுத்தூண் பிய்த்துக்கொண்டு விழுந்தது. நான்காவது முறை விழுந்ததும், "எனக்குக் கட்டவே தெரியலம்மா" என்று அழுதான். நான் உட்கார்ந்து கட்டினேன், எனக்கும் விழுந்தது. பிறகு தூண்களில் இருந்த டூப்ளிகேட்டை எல்லாம் உருவிவிட்டு ஒரிஜினலாகவே போட்டோம். பாலம் நின்றது. இந்த மலிவுக் கட்டைகளோடு எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். கட்டை பொருந்தாவிட்டால் பெரியவர்கள் கட்டையைக் குறை சொல்வோம். நான்கு வயதுப் பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொள்ளும்.

அந்தப் பிடிப்புக்குக் காரணம் கட்டையின் அடியில் இருக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே குழாய்கள் தெரியும். கீழ்க்கட்டையின் குமிழ்கள் இந்தக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறுகி நிற்கின்றன. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1958 ஜனவரி 28 அன்று இந்த அமைப்புக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டார்கள். அன்று வந்த கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்தும். 1963இல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். இழுத்தாலும் அழுத்தினாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் பிளாஸ்டிக் அது. எங்கள் டூப்ளிகேட் கட்டைகளுக்கு அந்த குணம் இல்லை. வாங்கிய புதிதில் மகனால் பிரிக்கவே முடியாத இறுக்கம். பல்லால் கடித்துப் பிரித்த தடம் இன்னும் பலவற்றில் இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் அதே கட்டைகள் தூக்கினாலே கழன்று விழுந்தன. சிலவற்றில் மூலையில் விரிசலும் விட்டது. லெகோவில் இன்று வரை ஒன்றும் உடையவில்லை.

மலிவில் கிடைப்பதெல்லாம் திருட்டு என்று சொல்லமாட்டேன். லெகோவின் பழைய காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டன. கட்டையின் வடிவத்தை வணிகச் சின்னமாகப் பதிந்து வைத்துக்கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றமும் 2010இல் சொல்லிவிட்டது. எனவே அதே அளவில் கட்டை செய்து சொந்தப் பெயரில் விற்பது நியாயமான தொழில்தான், அப்படிச் செய்பவர்களில் நன்றாகச் செய்பவர்களும் உண்டு. பெட்டிப் படம், செட்டின் வடிவமைப்பு, செய்முறைப் புத்தகம் என்று அப்படியே நகலெடுப்பது வேறு. 2019இல் சீனப் போலீசார், லெகோவை நகலெடுத்த லெப்பின் என்ற பெயர் கட்டைகளைத் தயாரித்தவர்களைப் பிடித்தது இதற்காகத்தான்.

போன வருடம் பற்சக்கரமும் அச்சும் வைத்த ஒரு மலிவு வண்டி செட்டையும் வாங்கிப் பார்த்தேன். அந்த வகையை வாங்கவே வேண்டாம். சாதாரணக் கட்டை கொஞ்சம் லூசாக இருந்தாலும் வீடு கட்டிவிடலாம். வண்டியில் துண்டுகளை இணைக்கும் சின்ன பின் (pin) ஒன்று லூசானால் சக்கரம் சாய்ந்து பல்லோடு பல் சேராது. எங்களுடையதில் பாதிப் பின்கள் தானாகக் கழன்றன, மீதி உள்ளே போனதோடு சரி. செய்முறைப் புத்தகத்தில் கறுப்பும் கரும்பழுப்பும் ஒரே நிறமாக அச்சாகியிருந்தன. இரண்டு நாள் போராடிவிட்டு விட்டுவிட்டோம்.

வாங்குவதாக இருந்தால் முதலில் பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். தம்பி வாங்கி வந்த டப்பாவில் அது இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. பிள்ளை வாயில் வைக்கப்போகும் பொருளுக்கு இதைப் பார்க்காமல் விட்டது என் தவறு. பட்ஜெட் சின்னது என்றால், ஆயிரம் துண்டு டூப்ளிகேட்டைவிட நூறு துண்டு ஒரிஜினலை வாங்கி, அடுத்தடுத்த பிறந்தநாளுக்குச் சேர்த்துக்கொண்டே போங்கள். எல்லாம் ஒன்றோடொன்று சேரும். அப்புறம், கழுவும்போது சுடுதண்ணீர் வேண்டாம், 40 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. பால்கனி வெயிலிலும் காயவைக்காதீர்கள், ஏபிஎஸ் மஞ்சளித்துவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டும் தனித்தனி டப்பாவில் இருக்கின்றன. டூப்ளிகேட்டைத் தூக்கிப் போடவில்லை. காம்பவுண்டு சுவர், குளம், தோட்டம் என்று பாரம் தாங்க வேண்டாத இடங்களுக்கு அது போதும். கலந்துவிட்டால் பிரிப்பது மகனின் வேலை. கட்டையை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, குமிழ் மேல் லெகோ என்ற பொடி எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பான். இப்போதெல்லாம் அதுவும் பார்ப்பதில்லை. இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தி, பிரித்து, அந்த "டக்" சத்தத்தை வைத்தே எந்த டப்பாவில் போடுவதென்று முடிவு செய்கிறான்.