புளூடூத் டாங்கிளா, கையடக்க ஸ்கேனரா?

திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு, பாதியில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால் வயிற்றைக் கலக்கும். அதனால்தான் சத்தியமங்கலத்து மச்சான், காரின் கோளாறு எண்ணைப் படித்துக் காட்டும் இந்த இரண்டு கருவியில் எதை வாங்கலாம் என்று கேட்டான். டாங்கிள் போனில் காட்டும், ஸ்கேனர் தன் திரையிலேயே காட்டும். இரண்டும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில்தான் மாட்டும்.

விலை: டாங்கிள் சில நூறு ரூபாய். ஸ்கேனர் ஆயிரங்களில்.

சுலபம்: டாங்கிளுக்கு ஆப் போடணும், போனோடு இணைக்கணும், ஐபோன் என்றால் பழைய ரக புளூடூத் ஒத்துவராது. ஸ்கேனரைச் சொருகினால் போதும், கரண்டைக் காரிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

உழைப்பு: மலிவு டாங்கிள்களில் பெரும்பாலும் காரின் கணினியோடு பேசும் இஎல்எம்327 சிப்பின் நகல்தான், சில வண்டியில் முரண்டு பிடிக்கும். சொருகியதை மறந்துவிட்டால் பேட்டரி வேறு இறங்கும்.

ஆனாலும் என் டாங்கிள் ஒருமுறை காசை மிச்சம் பண்ணியது. பி0301 என்ற கோளாறு எண்ணைக் காட்டியது, அதாவது முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், எரிபொருள் சரியாக எரியவில்லை. அந்த சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி ஓட்டினேன், பி0302 வந்தது, அதாவது கோளாறும் இரண்டாவதுக்கே போனது. சரி, காயில்தான் போச்சு! கோளாறு எண்ணை மட்டும் அழித்திருந்தால் விளக்கு அணைந்திருக்கும், கோளாறு அப்படியே இருந்திருக்கும்.

ஒரே வண்டி, ஓடும்போதே இன்ஜின் சூடு பார்க்க ஆசை என்றால் டாங்கிள். வீட்டில் மூன்று வண்டி, போன் நோண்டாத அப்பாவும் பார்க்கணும் என்றால் ஸ்கேனர். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்கா? மலிவு ரகம் எதுவும் பெரும்பாலும் படிக்காது, ஒர்க்‌ஷாப்புக்கே விடுங்க.