ஹேவ்லாக் செல்ல எந்தக் கப்பல்: தனியார் விரைவுக் கப்பலா, அரசுக் கப்பலா?

அந்தமானின் போர்ட் பிளேயரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஹேவ்லாக் தீவுக்குக் கடந்த ஜனவரியில் குடும்பத்துடன் போய்வந்தோம். போகும்போது தனியார் விரைவுக் கப்பல், திரும்பும்போது அரசுக் கப்பல். பிள்ளைகளை அழைத்துச் செல்வோருக்கு அரசுக் கப்பலையே நான் பரிந்துரைப்பேன்.

கட்டணத்தில் அரசுக் கப்பல் மலிவு. நேரத்தில் தனியார் கப்பல் முந்துகிறது. அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சேர்த்துவிடும். அரசுக் கப்பலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகும். இருக்கை, குளிர்சாதனம், தூய்மை ஆகியவற்றிலும் தனியார் கப்பலே மேல்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது குமட்டல்தான். நாங்கள் ஏறிய தனியார் கப்பலில் புறப்பட்டதிலிருந்து கரை சேரும்வரை எவரையும் வெளியே விடவில்லை. துறைமுகத்தைத் தாண்டிக் கப்பல் ஆடத் தொடங்கியதும், உப்புப் படிந்த கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாமல், முன்னிருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த என் ஒன்பது வயது மகளின் முகம் வெளுத்தது. பணியாளர் காகிதப் பையைக் கொண்டுவருவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். அந்த வாடை மூடிய அறைக்குள்ளேயே சுற்றிவர, அடுத்த வரிசையில் இருவருக்கும் அதே கதி. அம்மா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயும் பலிக்கவில்லை.

ஆட்டம் என்று பார்த்தால் அரசுக் கப்பலும் ஆடத்தான் செய்தது. அங்கே மேல்தளத்தில் நிற்க முடிந்தது என்பதே பெரிய வேறுபாடு. உடல் அசைகிறது என்று, அசைவை உணரும் உட்காது (காதின் உட்பகுதி) சொல்ல, அசையாத அறையைப் பார்க்கும் கண் இல்லை என்று மறுக்க, இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. தொடுவானத்தைப் பார்க்கும்போது கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. முகத்தில் படும் காற்றும் இதமளிக்கிறது. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கே இந்தத் தொல்லை அதிகம் என்பதால் அவர்களுக்கு மேல்தளம் பேருதவி. திரும்பும் வழி முழுக்கக் கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்துவந்த மகள், கரையிறங்கியதும் பசிக்கிறது என்றாள்.

அன்று அவளுக்கு மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொண்டு, கப்பல் ஏறுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் விழுங்கினால் அதுவும் வாந்தியோடு வெளியே வந்துவிடக்கூடும். அவோமின் போன்ற குமட்டல் மாத்திரைகள் தூக்கத்தையும் வரவழைக்கும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: நான் பார்த்தது அமைதியான ஜனவரிக் கடல். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மழையும் காற்றும் அடிக்கும்போது மேல்தளம் எவ்வளவு பயன்படும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல இயலாது.

அரசுக் கப்பலில் பயணச்சீட்டு கிடைப்பதும் எளிதன்று. தனியார் கப்பலில்தான் போயாக வேண்டுமென்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கை கேட்டு வாங்குங்கள். முன்பகுதிதான் அதிகம் தூக்கிப்போடுகிறது.