டீசல் குடித்த மண்ணுக்கு ஒரு பற்றீரியாத் தூள்: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கொட்டகலைப் பக்கத்தில், எங்கள் மரக்கறித் தோட்டத்தின் மேல் மூலையை ஒட்டி லொறி திருத்துமிடம் ஒன்று இருந்தது. சென்ற ஆண்டு அது மூடப்பட்ட பிறகும், அங்கே மம்பட்டியைப் போட்டால் டீசல் வாடை எழும், மழை பெய்தால் எண்ணெய்ப் படலம் நிறம் காட்டும், புல்கூட முளைக்காது. எண்ணெயைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் அடங்கியது என்று விற்கப்படும் தூளில் ஒரு கிலோப் பொதி வாங்கி, தை மாதக் கடைசியிலிருந்து நான்கு மாதம் பயன்படுத்திப் பார்த்தேன்.

தூள் தவிட்டு நிறமானது. மண் வாசனையைத் தவிர வேறு நெடி இல்லை. பசிலஸ், சூடோமோனாஸ் ஆகிய இரு இனங்கள் உள்ளதாகப் பொதியில் அச்சிட்டிருக்கிறார்கள். குளோரின் கலந்த குழாய் நீரில் கரைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை சரியானது. நான் பீலித் தண்ணீரையே பயன்படுத்தினேன். வாங்கும்போது காலாவதித் திகதியை மட்டுமல்ல, கடையில் பொதி வைக்கப்பட்டிருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். பசிலஸ் வித்தியாக, அதாவது தடித்த உறையுள்ள உறங்கு நிலைக்கு, மாறி வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும். சூடோமோனாஸ் வித்தி உண்டாக்குவதில்லை என்பதால், தகரக் கூரையின் கீழ் வெந்து கிடந்த பொதியில் அது உயிரோடு இருக்குமென்று நம்ப முடியாது.

பொதியில் சொல்லாமல் விட்டதுதான் பெரிய குறை. தேயிலை வளரும் நம் மலை மண்ணின் அமிலத்தன்மை பெரும்பாலும் பி.எச். 4.5 முதல் 5.5 வரையில் இருக்கும். எண்ணெயைச் சிதைக்கும் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை நடுநிலையை (பி.எச். 7) ஒட்டிய மண்ணில்தான் நன்றாக வேலை செய்கின்றன. நம் இரவுக் குளிரும் அவற்றின் வேகத்தைக் குறைக்கும். இவற்றில் எதைப் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை.

ஆகவே அந்த மூலையை மூன்று பாத்திகளாகப் பிரித்தேன். முதலாவதில் பொதியில் சொன்னபடி தூளை மட்டும் ஊற்றினேன். இரண்டாவதில் அமிலத்தைக் குறைக்க டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூளை இட்டு, சிறிது யூரியாவும் பொசுபரசுப் பசளையும் கலந்து, தூளை ஊற்றி, வாரம் ஒருமுறை மண்ணைப் புரட்டினேன். மூன்றாவதில் தூளைத் தவிர மற்ற அனைத்தையும் அப்படியே செய்தேன். எண்ணெய் கீழே உள்ள கானுக்கு வடியாதபடி, மழை வரும்போதெல்லாம் மூன்றையும் படங்கால் மூடினேன்.

புரட்டுவது வீண் வேலை அல்ல. டீசல் என்பது பெரும்பாலும் 10 முதல் 20 வரையான காபன் அணுக்கள் கோத்த சங்கிலிகள். பற்றீரியா அச்சங்கிலியின் நுனியில் ஒட்சிசனைச் செருகி, அதை முதலில் மதுசாரமாகவும் பின்னர் கொழுப்பமிலமாகவும் மாற்றி, அதன்பிறகே இரண்டிரண்டு காபனாக வெட்டித் தின்கிறது. கடைசியில் மிஞ்சுவது காபனீரொட்சைட்டும் நீரும். காற்றுப் புகாத இறுகிய மண்ணில் இந்த முதல் படியே தடைப்பட்டுவிடும். எண்ணெயில் காபன் ஏராளமாக இருந்தாலும் நைதரசனும் பொசுபரசும் இல்லாததால், பசளையில்லாமல் பற்றீரியா பெருகவும் முடியாது.

முதல் பாத்தியில் இரண்டு மாதம் கழித்தும் வாடை அப்படியே இருந்தது. இரண்டாவதில் ஒன்றரை மாதத்தில் வாடை வெகுவாகக் குறைந்து ஓரங்களில் புல் தலைகாட்டியது. என்னை யோசிக்க வைத்தது மூன்றாவது பாத்திதான்: தூள் இல்லாமலே, ஏறக்குறைய மூன்று வாரம் பிந்தி, அதே நிலைக்கு வந்துவிட்டது. எண்ணெய் ஊறிய மண்ணில் அதைத் தின்னும் பற்றீரியாக்கள் தாமாகவே இருக்கின்றன. அவற்றுக்கு வசதி செய்து கொடுப்பதுதான் பெரும்பகுதி வேலை. 1989ஆம் ஆண்டு அலாஸ்காவில் எக்ஸொன் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கரையில் படிந்தபோதும், கடற்கரையில் பசளையைத் தெளித்து, அங்கேயே இருந்த பற்றீரியாக்களைத்தான் ஊக்குவித்தார்கள்.

தூளோடு தந்த துண்டுப் பிரசுரத்தில், தேயிலை மலைகளில் தேங்கிய செப்பையும் இது அகற்றும் என்று எழுதியிருப்பதை நான் கடுமையாக மறுக்கிறேன். தேயிலைக் கொழுந்தைத் தாக்கும் பூஞ்சை நோயான கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்த பிறகு, செப்பு மருந்துகள் தேயிலைக்குத் தெளிக்கப்பட்டு வந்திருக்கின்றன. செப்பு ஒரு மூலகம். அதை எந்த உயிரும் சிதைத்து இல்லாமலாக்க முடியாது. சில பற்றீரியாக்கள் அதைப் பற்றி வைக்கலாம், வடிவம் மாற்றலாம், அவ்வளவே. இதை நம்பி ஒருவர் கீரை பயிரிட்டால் பொறுப்பு யாருடையது?

எண்ணெய் சிந்திய இடத்தை விரைவாகத் திருத்த வேண்டியவர்கள், டொலமைட்டும் பசளையும் இட்டு மண்ணைப் புரட்டவும் ஆயத்தமாக இருந்தால், இந்தத் தூளை வாங்கலாம். மூன்று வாரம் பொறுக்க முடிந்தவர்களுக்கு டொலமைட் மூட்டையும் மம்பட்டியும் போதும். வாடை போனதால் மண் சுத்தமாகிவிட்டது என்றும் கொள்ளக்கூடாது: டீசலில் உள்ள பல்வளைய நறுமணச் சேர்வைகள் (காபன் அணுக்கள் பல வளையங்களாகக் கோத்தவை) சிதைய நெடுநாள் பிடிக்கும். அதனால் மூன்று பாத்திகளிலும் இந்த ஆண்டு லீக்ஸோ கரட்டோ நடாமல், புல்லை மட்டுமே வளரவிட்டிருக்கிறேன்.