விசுவாசமா கிரியையா? எங்க வீட்டுல ரெண்டுமே உண்டு

எங்க வீடு களியக்காவிளை பக்கம். அம்மா ஆர்சி, அதாவது ரோமன் கத்தோலிக்கம், அப்பா சிஎஸ்ஐ, அதாவது சீர்திருத்தச் சபை, அதனால மோட்சம் போக விசுவாசம் மட்டும் போதுமா, கிரியையும், அதாவது நல்ல செயலும், வேணுமாங்கற வாக்குவாதத்த சின்னதுல இருந்தே கேட்டு வளந்தவன் நான். அப்பா பைபிள்ல பவுலு எழுதின எபேசியர் 2:8-9 எடுப்பாரு, கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டுதான் இரட்சிப்பு, ஒருத்தனும் பெருமை பேச முடியாதுன்னு. அம்மா விடமாட்டாங்க, யாக்கோபு 2:26, கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுன்னு அங்கேயே நிப்பாங்க.

ரெண்டு பக்கத்தையும் தப்பாத்தான் பலபேரு புரிஞ்சு வச்சிருக்காங்க. ஆர்சிகாரங்க புண்ணியம் சேத்து மோட்சம் வாங்கப் பாக்குறாங்கன்னு ஒரு பேச்சு உண்டு, ஆனா 1547ல ட்ரெண்ட் சங்கம்ங்கற கத்தோலிக்க ஆயர்கள் கூட்டம் இத பத்தி போட்ட முதல் விதியே, கிருபை இல்லாம சொந்தச் செயலால நீதிமானாகலாம்னு சொல்றவன் சபை விலக்குங்கறதுதான். சீர்திருத்தச் சபைய ஆரம்பிச்சு வச்ச லூத்தரும் நல்லது செய்யாண்டாம்னு சொன்னவரு இல்ல, உண்மையான விசுவாசம் சும்மா இருக்காதுன்னு எழுதினவரு. ஆனா 1522ல யாக்கோபு நிருபத்த வைக்கோல்னு சொன்னாரே, அத என்னால ஏத்துக்க முடியல.

ஏன்னா பவுலும் யாக்கோபும் எடுக்குற உதாரணம் ஒரே ஆளு, ஆபிரகாம். ரெண்டுபேரும் காட்டுற வசனமும் ஒண்ணு, ஆதியாகமம் 15:6, அவன் கடவுள விசுவாசிச்சான், அது அவனுக்கு நீதியா எண்ணப்பட்டதுங்கறது. பவுலு, பாரு இவன் விருத்தசேதனம் பண்றதுக்கு முந்தியே நீதிமான்னு எண்ணப்பட்டான்னு சொல்றாரு, யாக்கோபு அதுக்கு எத்தனையோ வருஷம் கழிச்சு மகன் ஈசாக்க பலிபீடத்துல வச்ச நேரத்த காட்டுறாரு. பவுலு பேசுறது வாசலுக்குள்ள எப்படி வந்தான்னு, யாக்கோபு பேசுறது வந்தவன் உள்ள உயிரோட இருக்கானான்னு. பசிச்சவன்கிட்ட சமாதானமா போன்னு சொல்லி அனுப்புறவனத்தான் யாக்கோபு திட்டுறாரு.

விசுவாசம் மட்டும் போதும்னு பிரசங்கம் பண்ணின லண்டன் மிஷன் சீர்திருத்தச் சபை ஆளுங்கதான் 1838ல எங்க குமரி மாவட்டத்து நெய்யூர்ல மருத்துவ ஊழியம் ஆரம்பிச்சதும். அவ்வளவு தூரம் ஏன், எங்க பக்கத்து வீட்டு ரப்பர் வெட்டுக்காரரு கால ஒடிச்சுட்டுப் படுத்தப்போ, அப்பா தலையில லைட்டக் கட்டிட்டு விடியுமுன்ன போயி அவரு மரத்தையும் வெட்டி, சிரட்டையில வடிஞ்ச பாலெல்லாம் வாளியில எடுத்து ஷீட்டும் அடிச்சுக் குடுத்துட்டு வருவாரு, ரெண்டு மாசம். அம்மா அத சொல்லிக் காட்டினா, இதெல்லாம் கணக்குல வராதுன்னு எந்திரிச்சுப் போயிருவாரு.

உள்ள வர்ற வழியில அப்பா சொல்றதுதான் சரின்னு நான் நினைக்கேன். ஆனா விசுவாசி விசுவாசின்னு சொல்லிட்டு கூடப்பொறந்தவன் சொத்த அமுக்குறவங்களுக்கு முதல்ல யாக்கோபத்தான் வாசிச்சுக் காட்டணும்.

கிரியைப் பக்கத்துல எனக்குப் பயமா இருக்குறது ஒண்ணுதான், எவ்வளவு செஞ்சா போதும்னு யாரு சொல்லுவா? எங்க அம்மச்சி, அம்மாவோட அம்மா, தினமும் பூசைக்குப் போனவங்க, வாசல்ல வந்து நின்னவங்கள வெறுங்கையோட அனுப்பாதவங்க. கடைசி நாள்ல ஜெபமாலைய விரல்ல சுத்திட்டு, மக்களே, நான் செஞ்சது போதுமான்னு கேட்டாங்க. அம்மாவால பதில் சொல்ல முடியல. அப்பா தன்னோட பைபிள எடுத்து லூக்கா 23, சிலுவையில தொங்கின கள்ளன்கிட்ட இயேசு, நீ இன்னைக்கே என்கூட பரதீசுல இருப்பேன்னு சொன்ன இடத்த வாசிச்சாரு. அம்மச்சி இன்னொரு தடவ வாசிக்கச் சொன்னாங்க. அம்மாவும் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தாங்க.