அட்டப்பாடியில் குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர எது ஏற்றது: செயலியா, குறுஞ்செய்தியா, கைச்சுற்று நாடாவா?

கோவையிலிருந்து ஆனைகட்டியைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. அகளி, ஷோலையூர், புதூர் என மூன்று பஞ்சாயத்துகள். இருளர், முடுகர், குறும்பர் ஊர்கள், இடையிடையே எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள். 2013இல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோதுதான் நாடு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு சமுதாய சமையலறை வந்தது, குழந்தைகளின் அளவுகளைச் செல்பேசியில் பதியும் வழக்கமும் வந்தது.

இன்று அங்கன்வாடிகளில் இருப்பது 2021 மார்ச்சில் தொடங்கிய, மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலி. பிறந்த தேதி, எடை, உயரம் மூன்றையும் பதிந்தால் மெலிவு (உயரத்துக்கேற்ற எடை இல்லாமை), குட்டை வளர்ச்சி (வயதுக்கேற்ற உயரம் இல்லாமை), எடைக்குறைவு (வயதுக்கேற்ற எடை இல்லாமை) ஆகியவற்றைத் தனித்தனியே காட்டிவிடும். வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துத் திண்டாடும் வேலை இல்லை. மாதக்கணக்கில் மெல்ல நிகழும் குட்டை வளர்ச்சியைத் தொடர இதைவிட வசதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை. இந்த ஒன்றுக்காகவே செயலியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிக்கல் செல்பேசியைத் தொடுவதற்கு முன்பே தொடங்குகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்துத்தான் நீளம் பார்க்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்தி நீட்டி, பாதத்தை ஒட்டி நகர்பலகையைக் கொண்டுவர வேண்டும். குழந்தை வீறிடும், தாய் முகம் சுளிப்பாள். துணைக்கு ஆள் இல்லையென்றால் நிற்க வைத்தே அளந்துவிடத் தோன்றும். அப்படி அளந்தால் ஏறக்குறைய 0.7 செ.மீ. குறைந்துவிடும். உயரம் குறைந்தால் அந்த உயரத்துக்கு எடை போதும் என்று செயலி நம்பிவிடும். மெலிந்த குழந்தை, நலம் என்று காட்டும் பச்சை நிறத்துக்குள் ஒளிந்துகொள்ளும். போதாக்குறைக்கு, 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கு முக அடையாளப் பதிவும் கட்டாயம். சிக்னலே எட்டாத குறும்பர் ஊர்த் தாய் அந்தச் சத்துணவான அமிர்தம் பொடியை வாங்க வந்து கேமராவுக்கு முன்னால் காத்து நிற்பது என்ன நியாயமோ!

குறுஞ்செய்தி வழி பழையதுதான், ஆனால் மட்டமானது அல்ல. 2009இல் ஆப்பிரிக்காவின் மலாவியில் சுகாதாரப் பணியாளர்கள் குழந்தையின் எண், எடை, உயரம், கைச்சுற்றளவு ஆகியவற்றைச் சாதாரண செல்பேசியிலிருந்து அனுப்பினார்கள். குழந்தையின் நிலை பதிலாகவே திரும்பி வந்தது. வெறும் எண்கள் என்பதால் 160 எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். சிக்னல் ஒரு கோடு காட்டினால் போதும். தவறான எண்ணை அடித்தால் அதைப் பிடிக்கும் வசதி குறைவு என்பது இதன் குறை.

மேற்கையின் சுற்றளவைப் பார்த்து மெலிவைக் காட்டும் கைச்சுற்று நாடாவுக்கு மின்சாரமே வேண்டாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தையின் இடக்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றிப் பார்க்க வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு, கடும் மெலிவு, 12.5 வரை மஞ்சள். பிறந்த தேதி சரியாகத் தெரியாத குழந்தைக்கும் இது செல்லும். தாய்க்கே கற்றுக்கொடுக்கலாம். குட்டை வளர்ச்சி மட்டும் நாடாவின் கண்ணில் படாது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு மெலிந்தவர்கள் என்று காட்டும் குழந்தைகளும் நாடா அப்படிக் காட்டும் குழந்தைகளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

செல்பேசிக் கேமராவால் குழந்தையை முப்பரிமாணத்தில் படமெடுத்து அளவு சொல்லும் முயற்சிகளும் நடக்கின்றன. விலை உயர்ந்த கருவியையும் நல்ல வெளிச்சத்தையும் அசையாத குழந்தையையும் கேட்கும் வழி, இப்போதைக்கு இங்கே ஆகாது.

என் தேர்வு இதுதான்: சாலையோர மையங்களில் செயலி, அதோடு நீளம் பார்க்கும் நாளில் இன்னொரு கை. நடந்தே போக வேண்டிய புதூர்ப் பக்கத்து ஊர்களில் நாடாவும் குறுஞ்செய்தியும். சிவப்பு என்று போகும் செய்தி மாவட்ட அலுவலகக் கணினியோடு நிற்காமல், ஜீப் வைத்திருப்பவருக்கும் பழங்குடி நலத் துறையின் ஊர்ப் பணியாளரான எஸ்.டி. புரமோட்டருக்கும் அன்றே எட்ட வேண்டும். தாய்க்குப் போகும் அழைப்பு மலையாள எழுத்தாக இல்லாமல், அவள் வீட்டில் பேசும் இருளத்திலோ தமிழிலோ குரலாக இருக்கட்டும்.