மைனஸ் 80 ஃப்ரீசர்: துறைக்கு ஒன்றா, எல்லாருக்கும் ஒரே அறையா?

ரத்தம், திசு போன்ற மாதிரிகளை மைனஸ் 80 டிகிரி குளிரில் பல ஆண்டுகள் வைத்திருக்கும் எந்த மருத்துவ ஆய்வு நிறுவனத்திலும், ஃப்ரீசர் துறைக்கு ஒன்றா, எல்லாருக்கும் ஒரே பொது அறையா என்ற சண்டை வரும். வேலூரில் இது கூடுதல் சூடாகவே வரும், ஏனென்றால் அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40 டிகிரி சாதாரணம். இந்த ஃப்ரீசர்களுக்கோ அறை வெப்பம் 30, 32 டிகிரியைத் தாண்டக்கூடாது.

முதலில் சூடு. ஒரு ஃப்ரீசரில் இரண்டு கம்ப்ரசர்கள் இருக்கும். முதலாவது இரண்டாவதன் வாயுவைக் குளிர்விக்க, இரண்டாவது பெட்டியைக் குளிர்விக்கும். நாளைக்கு 12 யூனிட் கரண்ட் இழுத்தால், அவ்வளவும் சூடாக அறைக்குள்தான் வந்து விழும். துறை ஆய்வகத்தில் ஐந்து மணிக்கு ஏசியை அணைத்துவிட்டுக் கிளம்புவார்கள், ஃப்ரீசர் இரவெல்லாம் தன் சூட்டிலேயே வேகும். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும். ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் சாம்பல் நிறத்தில் போர்வை போலத் தூசி விழும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று கையேட்டில் இருந்தாலும், இந்த ஊர்த் தூசிக்கு மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்.

பொது அறையில் அதே பிரச்சினை கணக்காக மாறுகிறது. பத்து ஃப்ரீசர் என்றால் இடைவிடாமல் 5 கிலோவாட் சூடு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன் ஏசியின் முழு வேலை. எனவே 2 டன் ஏசி இரண்டு வேண்டும், டைமர் போட்டு மாற்றி மாற்றி ஓட. ஒரே ஏசியை நம்பிக் கட்டிய அறை ஆய்வகத்து மூலையைவிட மோசம். அது நின்றால் பத்தும் சேர்ந்தே சூடேறும். பொது அறையை எதிர்ப்பவர்கள் வலுவாக நிற்பது இந்த இடத்தில்தான், அவர்கள் சொல்வது சரியும்கூட.

அடுத்தது மின்சாரம். இ.பி. மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் மாலைவரை இழுக்கும். மூடியே வைத்த நிறைந்த ஃப்ரீசர் மைனஸ் 50க்கு வர நான்கைந்து மணி நேரம் ஆகும், பாதி காலியானது அதைவிடச் சீக்கிரம் ஏறிவிடும். துறை ஃப்ரீசர் பெரும்பாலும் ஜெனரேட்டர் இணைப்பில்லாத பிளக்கில்தான் மாட்டியிருக்கும். பொது அறைக்கு ஜெனரேட்டர் உறுதி, ஆனால் அங்கே வேறொரு கண்ணி உண்டு. கரண்ட் திரும்பியதும் பத்து ஃப்ரீசரும் ஒரே நொடியில் கிளம்பினால் தொடக்கக் கரண்ட் பல மடங்கு பாய்ந்து எம்சிபி (மிகைக் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிட இடைவெளி வருமாறு தாமதத்தை அமைக்க வேண்டும். முதல் ஃப்ரீசர் 2 நிமிடத்தில், பத்தாவது 20 நிமிடத்தில். ஷட்டவுனுக்கு முன் ஒருமுறை மெயினை அணைத்துப் பார்த்தால்தான் அது வேலை செய்கிறதா என்று தெரியும்.

பழுதானால்? துறையில் இருக்கும் வழி, பக்கத்து ஆய்வகத்துக் கதவைத் தட்டி இடம் கேட்பது. பொது அறையில் எட்டுப் பத்துக்கு ஒன்றைக் காலியாக, ஆனால் ஓடிக்கொண்டே வைத்திருக்கலாம். அணைத்து வைத்த உபரி ஃப்ரீசர் வீண், மைனஸ் 80க்கு இறங்கவே அரை நாள் போய்விடும். ட்ரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) வரும் என்று காத்திருப்பதும் ஆகாது, சென்னையிலிருந்து வர 140 கிலோமீட்டர்.

பணக் கணக்கில் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். 10 லட்சம் ரூபாய் ஃப்ரீசர், பத்தாண்டு ஆயுள், மாதிரிக் குப்பிகள் அடுக்கிய 400 பெட்டி கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்குத் தேய்மானம் 8,333. ஃப்ரீசரும் அதன் பங்கு ஏசியும் சேர்ந்து நாளைக்கு 16 யூனிட், யூனிட் 9 ரூபாய் என்றால் 4,320. பராமரிப்பு ஆண்டுக்கு விலையில் 5 சதவீதம் என்றால் மாதம் 4,167. மொத்தம் 16,820, பெட்டிக்கு 42 ரூபாய். இந்த 42ஐயே கட்டணமாக அறிவித்துவிட்டு 240 பெட்டிதான் வந்தால் அடக்கவிலை 70 ரூபாய் ஆகிவிடும், பொது அறை கடனில் ஓடும். 60 சதவீதம்தான் நிறையும் என்று வைத்தே கட்டணம் போடுங்கள். துறை ஃப்ரீசருக்கும் இதே செலவுதான், கரண்ட் பில் வேறு கணக்கில் போவதால் யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவே.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்றால் ஆள் வருவார், பாகத்துக்குத் தனிக் காசு. சிஎம்சியில் (முழுமைப் பராமரிப்பு ஒப்பந்தம்) பாகமும் அடக்கம். (வேலூரில் கோப்பில் வெறுமனே ‘சிஎம்சி’ என்று எழுதினால் எல்லாரும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைத்தான் நினைப்பார்கள், முழுப் பெயரையே எழுதிவிடுங்கள்.) ஐந்தாண்டுக்கு மேற்பட்ட ஃப்ரீசருக்கு இரண்டாவதே மேல். ஆனால் கம்ப்ரசரும் வாயு நிரப்பலும் உள்ளடக்கமா, எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்ற இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மிச்சமிருப்பது அநாதைப் பெட்டி. கதவைத் திறந்தால் பனி பூத்த கீழ்த்தட்டில், ‘ஆர்.எஸ். 2014, தொடாதே’ என்று மை கரைந்த ஒன்று இருக்கும். அந்த மாணவர் எப்போதோ போய்விட்டார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி மாதிரி தந்தவருக்கே உரியது, நிறுவனம் அதன் காப்பாளர் மட்டுமே. ஆகவே ஆய்வாளர் கிளம்பியதும் தூக்கி எறியவும் முடியாது, அவரோடு அனுப்பவும் முடியாது. பொது அறையில் பார்கோடு, நெறிமுறைக் குழு எண், முடிவுத் தேதி இல்லாத பெட்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். துறை ஃப்ரீசரில் அப்படி யாரும் யாரையும் கேட்பதில்லை.

எங்கள் தீர்ப்பு: ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் தொடாத பெட்டிகள் பொது அறைக்கு, தினமும் எடுப்பவை துறையிலேயே சிறிய ஃப்ரீசரில். வேலூர் டவுனிலும் புறநகரான பாகாயத்திலுமாகக் கட்டடம் பிரிந்திருந்தால் இந்தப் பிரிவினை இன்னும் அவசியம். ஒரு குப்பிக்காக வெயிலில் ட்ரை ஐஸ் பெட்டியைச் சுமந்து யாரும் போகமாட்டார்கள். பொது அறைக்குச் சம்பளத்தோடு ஒரு பொறுப்பாளரும், இரவு அலாரம் அடித்தால் போன் எடுக்க வரிசையாக மூன்று பேரும் கிடைக்காதவரை, துறை ஃப்ரீசரை அசைக்காதீர்கள். அதுவரை அதன் பிளக்கை ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.